பழனி குமாரிடம் என்ன கேட்பது?

மதுரைப் புகைப்படக் கலைஞர் எம். பழனி குமாரைப் பேட்டி காண வேண்டும் என்று திருவட்டாற்றில் உட்கார்ந்து கேள்விகள் எழுதினோம். முதல் தாளைக் கிழித்துப் போட்டோம். ‘மலக்குழி மரணங்களைப் படமெடுத்தபோது அழுதீர்களா?’ என்று அதில் இருந்தது. கண்ணீரை மட்டும் கேட்கும் பழக்கம் நமக்கும் தொற்றிவிட்டது, வெட்கக்கேடு.

‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். மீன் விற்கும் தாயின் மகன். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும்கூட. அந்த ஆசிரியரிடம்தான் நாம் பேச வேண்டும்.

கேமரா நம் மக்களுக்குப் புதிதல்ல. 1868 முதல் 1875 வரை வெள்ளையர் அரசு 8 தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ நூலில் முகங்கள் உண்டு. பல படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை, சாதிப்பெயர்தான். இன்றும் குழிக்குள் இறந்தவரின் முகம் பேப்பரில் வருவது பாஸ்போர்ட் அளவில். உயிரோடு சிரித்த நாளில் அவரைப் படமெடுத்தவர் யார்?

ஆகவே புதிய தாளில் இவை: பிள்ளைகள் முதலில் எதைப் படமெடுத்தார்கள், அம்மாவையா, விளையாட்டையா? படத்தின் கீழே பெயர் எழுதுவது யார்? எதிரே நிற்பவர் ‘வேண்டாம்’ என்றால்?

லென்ஸ், வெளிச்சம், கறுப்பு வெள்ளை பற்றியும் கேட்போம். மற்ற கலைஞர்களிடம் கலையையும் தலித் கலைஞரிடம் வலியையும் கேட்கிற பங்கீட்டை நாமும் தொடர வேண்டாமே.