விற்கும் வீட்டையும் பழுது பார்ப்போம்

மாணவர்களே,

ஐப்பசியில் கல்பாத்தித் தேர் ஓடும் நாள்களில் அங்குள்ள அக்கிரகாரத் தெருக்களைக் கண்டிருப்பீர்கள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சிலவும் அப்போது திறக்கப்படும். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்த குடும்பத்தார் திண்ணையைக் கழுவிக் கோலமிடுவர். தேர் நிலைக்கு வந்தபின் சில வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "இனி இங்கு வந்து யார் இருக்கப் போகிறோம்? விற்றுவிடலாமே!" அதைத் தொடர்ந்து மற்றொரு வினாவும் எழும்: "விற்பதற்கு முன் வீட்டுக்கு என்ன செலவு செய்யலாம்?"

இவ்வினாவுக்கு என் விடை இதுதான்: குறையை நீக்கும் செலவு தகும், குறையை மறைக்கும் செலவு தகாது.

தகும் செலவுகளை முதலில் பார்ப்போம். பழைய வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது கூரை. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலையைத் தொடங்கியது. அதன்பின் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓடுகள் மேற்குக் கடற்கரை எங்கும் பரவின. இவ்வோடுகளில் ஒரு வசதி உண்டு. உடைந்த ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறோர் ஓட்டை வைக்கலாம். கூரை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. உடைந்த சில ஓடுகளை உரிய காலத்தில் மாற்றினால், கீழே உள்ள மரச்சட்டங்கள் மழையில் நனைந்து உளுத்துப்போகாமல் காக்கலாம். சிறு செலவு பெருஞ்செலவைத் தடுக்கிறது. பழைய மின்கம்பிகளை மாற்றுதல், கிணற்றைத் தூர்வாருதல், கழிவுநீர் செல்லும் வழியைச் சீராக்குதல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இடுக்கி மலைப்பகுதியில் முதலில் கவனிக்க வேண்டியது வேறு. அங்குப் பல வீடுகள் மலைச்சரிவை வெட்டிக் கட்டப்பட்டவை. வீட்டின் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரில் நீர் வெளியேறச் சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். அவை அடைபட்டால் மழைநீர் மண்ணில் தேங்கிச் சுவரைத் தள்ளும். ஆகவே அத்துளைகளையும் வடிகாலையும் சீர்செய்யாமல் முன்புறச் சுவருக்கு வண்ணம் பூசுவது முறையன்று.

கண்ணுக்குத் தெரியாத பழுதும் ஒன்று உண்டு. அது பத்திரத்தில் உள்ள பழுது. பாட்டனார் பெயரிலேயே இருக்கும் வீட்டுக்குப் பல ஊர்களில் பல வாரிசுகள் இருப்பர். வரி ரசீது, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதும், உடன்பிறந்தார் அனைவரின் இசைவையும் பெறுவதும் எந்தப் பளிங்குத் தரையை விடவும் வீட்டின் மதிப்பை உயர்த்தும்.

இனித் தகாத செலவுகள். நல்ல நிலையில் உள்ள செந்தரையின்மேல் பளபளக்கும் டைல்ஸ் பதிப்பதும், முற்றத்தை மூடிக் கூடத்தைப் பெரிதாக்குவதும் விலையைக் கூட்டும் என்று சிலர் நம்புகின்றனர். அக்கிரகார வீடுகள் பக்கச் சுவர்கள் ஒட்ட ஒட்ட வரிசையாக அமைந்தவை. பக்கவாட்டில் சன்னல் வைக்க இடமில்லை. முற்றமே வீட்டின் நடுவே வெளிச்சமும் காற்றும் தருகிறது. பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் அதை மூடினால் வீடு புழுங்கும். மேலும், கல்பாத்தி கேரள அரசால் பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கு வீட்டின் தோற்றத்தை விருப்பம்போல் மாற்ற இயலாது. வாங்குபவருக்குப் பிடித்தது எதுவென அறியாமல் நாம் செய்யும் அலங்காரத்தை அவரே நாளை இடித்தெறியவும் கூடும்.

"குறையைச் சொன்னால் விலை குறையுமே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், குறையும். இதை என் வீட்டிலேயே கண்டேன். தேனி மாவட்டத்திலிருந்த எங்கள் வீட்டை விற்க வேண்டிய நிலை வந்தது. தங்கையின் திருமணக் கடன் கழுத்தை நெரித்தது. சமையலறைச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. பெயிண்டர், "பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடித்தால் மூன்று மாதம் வெளியே தெரியாது" என்றார். நானும் அதற்கு இசைந்தேன். என் தந்தை மட்டும் இசையவில்லை. சுவரின் பூச்சைக் கொத்தச் செய்தார். கசிந்த குழாயை மாற்றினார். பிறகு வாங்க வந்தவரிடம், "சுவர் முழுதும் காய ஒரு கோடை ஆகும்" என்று தாமே கூறினார். அவர் முப்பதாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார், தந்தை ஒப்புக்கொண்டார். அன்று எனக்குச் சினம் வந்தது. அந்தப் பணம் எங்களுக்குத் திரும்பி வரவுமில்லை. ஆயினும் இன்றும் அந்தத் தெருவில் நான் தலைநிமிர்ந்து நடக்கிறேன். அவ்வீட்டார் என்னை உள்ளே அழைத்துக் காபி தருகின்றனர்.

தந்தை செய்தது நல்லறம் மட்டுமன்று. சட்டமும் அதையே சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவர் அறிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறையை விற்பவரே வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அவ்வாறு வெளிப்படுத்தாமல் விடுவதை மோசடி என்றே அச்சட்டம் கருதுகிறது.

தோட்டத்து லயங்களிலும் அரசுக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் வாழும் மாணவர்கள், "எங்களுக்கு விற்க வீடே இல்லையே, ஐயா!" எனலாம். ஆனால் நீங்களும் ஒருநாள் ஒரு வீட்டை விட்டுப் புறப்படுவீர்கள். பெற்றோரின் பணி மாறும்போது நம்மில் பலருக்கு இது வழக்கமே. அன்று ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். சரிசெய்ய இயலாததை அடுத்து வருபவரிடம் சொல்லுங்கள். சுவரில் அடித்த ஆணியின் துளையை நாட்காட்டியால் மறைத்துவிட்டு வராதீர்கள்.

நாம் விட்டு வரும் வீட்டில் வேறொரு குழந்தை படுத்துறங்கப் போகிறது. முதல் மழையில் அக்குழந்தையின் பாய் நனையாதிருக்கச் செய்யும் செலவே தகுந்த செலவு.

சிந்தித்து விடை எழுதுக:

1. குறையை நீக்கும் செலவு, குறையை மறைக்கும் செலவு - இரண்டுக்கும் கட்டுரையிலிருந்து இவ்விரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
2. ஆசிரியரின் தந்தை முப்பதாயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. நீவிர் வாழும் வீட்டில் உடனே பழுதுபார்க்க வேண்டியது எது? பெற்றோரிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.