மட்டி என்று திட்டினால்...

யாராவது உங்களை 'மட்டி' என்று திட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முகத்துவாரச் சேற்றில் இரட்டை ஓட்டுக்குள் படுத்திருக்கும் அசல் மட்டி, வைட்டமின் பி12 விஷயத்தில் ஒரு குபேரன்.

அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் பட்டியலில், வேகவைத்த மட்டி 85 கிராமில் 17 மைக்ரோகிராம் பி12. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 2.4. அதாவது ஒரு சின்னக் கிண்ணம், ஒரு வார ரேஷன்! ஒரு கப் பாலில் இருப்பது 1.3. காய்கறிகளில்? பூஜ்யம்.

இத்தனைக்கும் மட்டி அதைத் தயாரிப்பதில்லை. எந்தச் செடிக்கும், எந்தப் பிராணிக்கும் அந்த வித்தை தெரியாது. பாக்டீரியா மாதிரி நுண்ணுயிர்களுக்குத்தான் தெரியும். மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டி, அகப்பட்டதைத் தின்று சேமிக்கிறது. பசு தன் வயிற்றிலேயே அவற்றைக் குடிவைத்திருக்கிறது. நம் பெருங்குடலிலும் சில இதைத் தயாரிக்கின்றன. ஆனால், உடம்பு அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலோடு முடிந்துவிடுகிறது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப்போய் ஏறுகிற பிரயாணி!

எதிர் ஃப்ளாட் மாமாவுக்கு ஆறு மாசமாய் உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. "வயசாச்சோல்லியோ" என்று மாமி தைலம் தடவினார். ரத்தத்தைப் பார்த்தால் பி12 பாதாளத்தில். சுத்த சைவம், மோரில் முக்கால்வாசி தண்ணீர். டாக்டர் மாத்திரை எழுதினதும் மாமாவுக்கு சந்தேகம். "ஏன் ஸார், இதை மட்டியிலேர்ந்து எடுப்பாளோ?"

இல்லை. தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. தினம் தயிர் தோய்க்கிற ஜனங்கள் ஆட்சேபிக்க முடியாது. கேப்ஸ்யூலாக இருந்தால் மட்டும் மேலுறை ஜெலட்டினா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டி சாப்பிடுகிறவர்களும் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். வயதானால் பலருக்கு வயிற்று அமிலம் குறைந்து, உணவிலிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்கும் சாமர்த்தியம் போய்விடுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம்.

இதில் விளையாட்டு இல்லாத விஷயம் ஒன்று உண்டு. குறையை ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் திரும்ப சரியாகாமலே போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரை, ஊசியோடு போச்சு.

ஆகவே கால் மரத்துப்போனால் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. தைலம் அப்புறம்.