அந்த வருஷத்துல வேற யாருமே பாடலியா?

'நீங்க பிறந்த வருஷத்துல வந்த பாட்டுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?'

இந்தக் கேள்வி இல்லாமல் இப்போதெல்லாம் ஓர் அறுபதாம் கல்யாணம்கூட நடப்பதில்லை. மைக் பிடித்தவர் கேட்கிறார். மாலையும் கழுத்துமாக நிற்கும் பெரியவர் நெளிகிறார். பேத்தி செல்போனில் வருஷத்தைத் தட்டுகிறாள். பட்டியல் வந்து விழுகிறது. கொஞ்சம் கைதட்டல், கொஞ்சம் கரோக்கி, அப்புறம் பந்தி.

உங்களிடம் கேட்டால் நீங்களும் சொல்வீர்கள். 1976-ல் பிறந்தவர் என்றால், 'அன்னக்கிளி வந்த வருஷம் சார், இளையராஜாவும் நானும் ஒண்ணாத்தான் வந்தோம்' என்பீர்கள். 1992 என்றால் 'ரோஜா', ரஹ்மான். என்னமோ ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனதே நீங்கள்தான் என்பதுபோல ஒரு பெருமிதம். அந்த வருஷம் நீங்கள் செய்த ஒரே காரியம் தொட்டிலை நனைத்தது.

நான் 1964. சந்தேகமே கிடையாது. பெரியதாழையில் பிறந்தவனுக்கு ஜாதகம் இருக்காது. கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். (எங்கள் பக்கம் கோயில் என்றால் மாதா கோயில்.) ஊர் எங்கே என்கிறீர்களா? திருச்செந்தூரிலிருந்து கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே வாருங்கள். மணப்பாடு தாண்டியாச்சா? உவரிக்கு முன்னாலேயே இறங்கிவிடுங்கள்.

பெருமை பேசுவதென்றால் 1964-காரனிடம் யாரும் மோத முடியாது. 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'சர்வர் சுந்தரம்'. நாலுக்கும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அடுத்த வருஷமே அந்த ஜோடி பிரிந்துவிட்டது என்பதால் எங்கள் வருஷத்துக்கு எடை இன்னும் கூடுதல். கே.வி.மகாதேவன் இசையில் 'நவராத்திரி'. ஜேசுதாஸின் குரல் தமிழ்ப்படத்தில் முதலில் கேட்டதும் அந்த வருஷம்தான், எஸ்.பாலசந்தரின் 'பொம்மை'யில். போதுமா?

போதாது என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மனுஷனுக்கு மனசில் ஒட்டும் பாட்டெல்லாம் பத்து வயசுக்கு மேல், இருபத்தைந்துக்குள் கேட்டது என்று மனோதத்துவக்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பிறந்த வருஷத்துப் பாட்டு நமக்கு ஒட்டவே கூடாது. ஆனால் ஒட்டியிருக்கிறதே, எப்படி? 2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரம்ஹான்சல் என்ற அம்மையார் கல்லூரி வயசுப் பிள்ளைகளுக்குப் பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். தங்கள் காலத்துப் பாட்டைப்போலவே, அப்பா அம்மாவின் இளவயதுப் பாட்டுக்கும் அந்தப் பிள்ளைகள் உருகியிருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் வாய் ஓயாமல் பாடியது, போட்டது, முணுமுணுத்தது எல்லாம் பிள்ளை காதில் இறங்கியிருக்கிறது.

ஆகவே சரியான கேள்வி, அந்த வருஷம் எந்தப் படம் வந்தது என்பதல்ல. அந்த வருஷம் உங்கள் அப்பா அம்மா வாயில் என்ன பாட்டு இருந்தது? அதற்குப் பதில் செல்போனில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் எனக்கும் உங்களுக்கும் சண்டை.

1964 தீபாவளி, நவம்பர் 3. 'நவராத்திரி'யோடு மோதிக்கொண்டு எம்.ஜி.ஆரின் 'படகோட்டி' வந்தது. மீனவர் படும் பாட்டைச் சொல்லி டி.எம்.எஸ். பாடுவாரே, அந்தப் பாட்டு. முதல் வரியை நான் எழுத வேண்டியதில்லை, இதற்குள் உங்கள் வாயில் ஓடியிருக்கும். எழுதிய வாலி ஸ்ரீரங்கத்துக்காரர். பாடியவர் மதுரைக்காரர். மெட்டுப் போட்டவர்களில் ஒருவர் பாலக்காடு, இன்னொருவர் திருச்சி. நாலு பேரில் ஒருத்தருக்கும் கடல் சொந்த ஊர் இல்லை. அதனால் பாட்டு பொய் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு எங்கள் ஊருக்குள் நடமாடவும் முடியாது. திருவிழாவானாலும் கல்யாணமானாலும் குழாய் கட்டினால் அந்தப் பாட்டு உண்டு. கேட்டுக்கொண்டே வலை பின்னுகிறவர்கள் ஒரு நிமிஷம் கையை நிறுத்துவார்கள். நாலு வெளியூர்க்காரர்கள் சேர்ந்து எங்கள் ஜனங்களின் துக்கத்தைச் சரியாகப் பிடித்தார்கள். அதற்கு நன்றிதான்.

ஆனால் அந்தத் தீபாவளி அன்றைக்கு எங்கள் கடற்கரையில் என்ன பாட்டுக் கேட்டிருக்கும்? அம்பா.

அம்பா என்றால் தெரியாதவர்களுக்கு: வலை இழுக்கும்போது, தண்டு வலிக்கும்போது, மரத்தைக் கரையேற்றும்போது பாடுவது. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே ஒரே இழுப்பாக இழுப்பார்கள். கரைவலையில் இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆள் நிற்கும். வலை தூரத்தில் இருக்கும்வரை பாட்டு நிதானமாகப் போகும். மடி கரையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும், கடைசியில் வார்த்தை போய்விடும், மூச்சும் சத்தமும்தான். பாடுகிறவர் சவேரியாரைக் கூப்பிடுவார், அந்தோணியாரைக் கூப்பிடுவார். சாமி கும்பிட்ட அதே வாயால் அடுத்த அடியில் சம்மாட்டியின் கஞ்சத்தனத்தைக் கிண்டல் பண்ணுவார், மீன் விலையை அமுக்குகிற யாவாரியைத் திட்டுவார். சம்மாட்டி பக்கத்திலேயே நிற்பார். சிரித்துத்தான் ஆகவேண்டும், கோபப்பட்டால் கயிறு தொய்யும்.

இதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ரிலீஸ் தேதி கிடையாது. அன்றைக்கு என்ன நடந்ததோ அது அன்றைக்குப் பாட்டில் ஏறிவிடும். ஆகவே 1964 கடலில் பாடியது 1964 பாட்டு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் உங்கள் பட்டியலில் 'வருஷத்தின் பாட்டு' என்றால் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியதாக இருக்கவேண்டும்! சினிமாவில் கடல் வந்தால் கோரஸில் நாலு ஏலேலோ போட்டுக்கொள்வார்கள், அதோடு கடற்கரைக்காரனின் பங்கு முடிந்தது.

அந்த வருஷம் எங்கள் கரைக்குச் சும்மா போன வருஷமும் இல்லை. 'படகோட்டி' வருவதற்கு நாலு நாள் முன்னால், அக்டோபர் 30-ல், சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: மலையகத் தமிழர் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. கொழும்பைப் பக்கத்து ஊராக நினைத்துப் போய்வந்துகொண்டிருந்த கடற்கரை எங்களுடையது. இலங்கை வானொலி எங்களுக்குச் சென்னையைவிடத் தெளிவாகக் கேட்கும். அந்தச் செய்தி கடற்கரைப் பேச்சில் வராமல் இருந்திருக்குமா? பேச்சில் வந்தது பாட்டில் வராமல் இருந்திருக்குமா?

'படகோட்டி' வந்து சரியாக ஏழு வாரம். டிசம்பர் 22 ராத்திரி. மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே நாங்கள் என்றால் வடக்கு முனை தனுஷ்கோடி. புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் எடுத்துக்கொண்டது, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு. அந்த வாரம் முழுக்க அந்தக் கரையில் பெண்கள் ஒப்பாரி வைத்திருப்பார்கள். உடல் கிடைத்தவர்களுக்கு ஒரு ஒப்பாரி, கிடைக்காதவர்களுக்கு வேறு. (கடலில் போய் உடல் வராத வீட்டில் அழுவது தனி. கேட்டவர்களுக்குத் தெரியும்.) அதுவும் 1964-ன் பாட்டுத்தான் ஐயா. அறுபதாம் கல்யாணத்தில் போடச் சொல்லவில்லை. கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

'நாட்டுப்புறப் பாட்டெல்லாம் பெரிய ஆராய்ச்சி சமாச்சாரம், அதுக்கு ஆள் இருக்காங்க' என்று ஒதுங்காதீர்கள். அதே 1964-ல் பாளையங்கோட்டையில் ஒருவர் என்ன செய்தார் என்று பாருங்கள். நா.வானமாமலை. டுட்டோரியல் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். பல்கலைக்கழக நாற்காலி இல்லை. நண்பர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி, பாடுகிறவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதி, 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று புத்தகமே போட்டுவிட்டார். அப்போது எங்கள் ஊரும் திருநெல்வேலி ஜில்லாதான்; தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-ல். நான் பிறந்த வருஷத்தில் என் ஜில்லாவில் வந்த பாட்டுப் புத்தகம் அது. எந்தப் பேத்தியின் செல்போன் பட்டியலிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அவர் கையில் இருந்தது காகிதமும் பேனாவும். அன்றைக்கு டேப் ரிக்கார்டர் என்றால் பெட்டி சைஸ், விலை கேட்டால் மயக்கம் வரும். உங்கள் சட்டைப்பையில் இப்போது இருப்பது என்ன? சாம்பார் கொதிப்பதை வீடியோ எடுத்து அனுப்புகிறோம். பாட்டியின் தாலாட்டு மட்டும் ஆராய்ச்சி சமாச்சாரமாகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. தமிழில் முதலில் அச்சேறிய புத்தகங்கள் எந்த ஜனங்களுக்காக என்று நினைக்கிறீர்கள்? 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்த முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அண்ட்ரிக் அடிகளார் இந்தக் கரை ஜனங்களுக்காகச் செய்தது. அச்சு எங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்தது. அதில் எங்களுக்குச் சொல்லவேண்டியதை ஏற்றினார்கள். நாங்கள் சொன்னதை ஏற்ற ரொம்ப நாள் ஆயிற்று. பக்கத்து உவரிக்காரர் ஜோ டி குருஸ் 2004-ல் 'ஆழி சூழ் உலகு' எழுதியபோது எங்கள் பேச்சு அச்சில் வந்துவிட்டதே என்று ஊரில் ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. அந்தத் தோணிகளில் தண்டு வலித்தவர்கள் வாயை மூடிக்கொண்டா வலித்தார்கள்? கேட்கலாமென்றால் இன்று அவர்களுக்குத் தொண்ணூறு வயசாவது இருக்கும். எஞ்சின் வந்தபிறகு வள்ளத்தில் அம்பாவுக்கு வேலை இல்லை. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் கூப்பிட்டாலே கேட்காது. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. கயிறு இழுத்த உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். வேலை போகட்டும். பாட்டும் கூடவே போகவேண்டுமா?

நீங்கள் கடற்கரைக்காரர் இல்லாமல் இருக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கமா? உங்கள் ஆச்சி நடவுப் பாட்டுப் பாடியிருப்பார். கொங்கு நாட்டுத் தாத்தா ஏற்றம் இறைத்திருப்பார். சென்னைதான் என்றால், மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு இடித்த பெண்கள் தாளம் தப்பாமல் பாடியதைக் கேட்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 'எங்கம்மா ஆபீஸ் போனவங்க, சினிமாப் பாட்டுத்தான் பாடுவாங்க' என்கிறீர்களா? அதுவும் சரியே. என் அம்மாவும் சுசீலாவின் மெட்டில்தான் தாலாட்டினாள்; வார்த்தை மட்டும் அவளுடையது. நடுவில் என் பெயர் வரும், அப்பா கடலிலிருந்து கொண்டுவரப்போகும் மீன்களின் பெயர் வரிசையாக வரும், அதில் இரண்டு மீன் எங்கள் கடலிலேயே கிடையாது. இந்தப் பாட்டு எந்தப் பட்டியலில் வரும், சொல்லுங்கள். உங்கள் அம்மாவும் எதையாவது மாற்றிப் பாடியிருப்பார். என்ன மாற்றினார் என்று இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கேளுங்கள்.

கேட்பதிலும் ஒரு வழி இருக்கிறது. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் செல்போனை நீட்டி அம்பா பாடச் சொன்னேன். எண்பது தாண்டியவர். முறைத்தார்.

"சும்மா இருந்துகிட்டு எப்படிலே பாட? கையில கயிறு வேண்டாமா?"

பழைய நைலான் கயிறு ஒன்றைத் தேடி எடுத்துத் திண்ணைத் தூணில் கட்டினோம். இழுக்க ஆரம்பித்தார். அதுவரை ஞாபகமே இல்லை என்றவர் வாயிலிருந்து மளமளவென்று வந்தது. ஆறு அடி, ஏழு அடி. அப்புறம் நிறுத்திவிட்டு என்னையும் சித்தியையும் பார்த்தார்.

"பதில் சொல்லுங்கடே. நான் ஒருத்தனே இழுக்கவா?"

நாங்கள் இரண்டு பேரும் சொன்ன பதில் அந்தப் பதிவில் இருக்கிறது, நடுவில் மீன்காரர் டி.வி.எஸ். ஃபிப்டியின் ஹாரனோடு. ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. கிறிஸ்மஸுக்குப் போகும்போது பழைய கரைவலை ஆட்கள் நாலு பேரைச் சேர்த்து வைக்கிறேன் என்றிருக்கிறார் சித்தி. கயிறு இன்னும் தூணிலேயே இருக்கிறதாம், அவிழ்க்க விடமாட்டேன் என்கிறாராம்.