தெள்ளுக்கு மாத்திரை கொடுத்தாச்சு... அப்புறம்?

“மாத்திரை கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகலை, முன்னைவிட அதிகமா சொறியுது டாக்டர்!” என்று பதறிக்கொண்டு போன் செய்கிறார்கள். பயப்பட வேண்டாம். நிட்டன்பைரம் மாத்திரையின் வேகம் அப்படி. நாயின் ரத்தத்தோடு மருந்தையும் குடித்த தெள்ளுப்பூச்சிகள் துடிப்பதால்தான் அந்த அரிப்பு; சில மணி நேரத்தில் அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

ஆனால், இதன் வேலை ஒரே நாள்தான். உண்ணியை இது கொல்லாது. இரண்டும் இருந்தால், மாதம் ஒருமுறை தரும் அஃபாக்ஸொலேனர், தெள்ளை 12 வாரம் வரை தடுக்கும் ஃப்ளூராலேனர் போன்றவை உண்டு. நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? அதைச் சொல்லாமல் இவற்றை வாங்கவே வாங்காதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே இதுபற்றி எச்சரித்துவிட்டது. கடையில் பெயர் சொல்லி வாங்கிவரும் பழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது.

“பத்து நாளில் திரும்ப வந்துடுச்சே, போலி மருந்தா?” இல்லை. ஒரு பெண் தெள்ளு தினமும் 40 முட்டைகள்வரை இடும். அவை நாய் மேல் தங்காமல் மிதியடியிலும் சோபா இடுக்கிலும் உதிர்ந்துவிடும். அங்கே கூடு கட்டிய புழு, மாதக்கணக்கில்கூடக் காத்திருந்து, நாய் நடக்கும் அதிர்வு தெரிந்ததும் பூச்சியாக வெளியே வரும். (எங்கள் வீட்டில் அந்த ஒளிவிடம் கார் சீட்!) நாயின் விரிப்பை வாராவாரம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். இடுக்குகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். நாய் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.