‘இரும்பு உடம்பு’ என்பது பாராட்டா?

“வலிக்குதுன்னு சொன்னா அடுத்த மேட்ச்ல உட்கார வெச்சிடுவாங்க தோழர்.” முழங்கால் வீங்கி உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுக் கபடி வீரர் எங்களிடம் சொன்னது இது. ரைடு போனபோது எதிரணி காலைப் பிடித்து மடக்கியதில் முழங்கால் திருகிவிட்டது. உளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுவாரமே களமிறங்கினார். மூன்றாவது ஆட்டத்தில் கால் நிற்கவில்லை. ஸ்கேனில் பார்த்தால், ஏசிஎல் எனும் லிகமென்ட் அறுந்திருந்தது. அதோடு ஆடியதில் ஜவ்வும் கிழிந்திருந்தது.

இதைப் பற்றிக் கேட்டபோது அணியை நடத்துபவர் சொன்னார்: “காலனிப் பசங்க உடம்பு இரும்பு, தாங்குவானுங்க.” கேட்பதற்குப் பாராட்டு போலத்தான் இருக்கிறது. ஆனால் நம்மவர்களுக்கு வலிக்காது என்ற இந்த எண்ணம்தான் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் அவர்களைச் சாக்கடைக்குள் இறக்குகிறது. மைதானத்திலும் அதே சாதிப் பார்வைதான்.

2022 செப்டம்பரில் முதுகுக் காயத்தால் விலகிய கிரிக்கெட் வீரர் பும்ரா, 2023 ஆகஸ்ட்டில்தான் இந்திய அணிக்குத் திரும்பினார். அறுவை சிகிச்சை நியூசிலாந்தில் நடந்தது. உடல் தேறும் பயிற்சி பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில். வாரியத்தின் ஒப்பந்தம் அவரைத் தாங்கியது. அதில் தவறே இல்லை. காயம்பட்ட எல்லோருக்கும் அந்த அவகாசம் வேண்டும் என்கிறோம்.

ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு களம் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதமாவது ஆகும். அவசரப்பட்டால் மீண்டும் அறுந்துபோகும் ஆபத்து அதிகம். ஆனால் அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டை நம்பி, ஒவ்வொரு சான்றிதழுக்காகவும் ஓடுகிற பிள்ளைக்கு ஒன்பது மாதம் என்பது ஒரு சீசன். பிசியோதெரபிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் பஸ் காசும் போகும், துணைக்கு வரும் அப்பாவின் கூலியும் போகும்.

சிகிச்சைக்குப் போனாலாவது பாதுகாப்பு உண்டா? 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த கால்பந்து வீராங்கனை, கல்லூரி மாணவி, முழங்கால் லிகமென்ட் சிகிச்சைக்காக அரசு மருத்துவமனைக்குப் போனார். காலை இழந்தார், பிறகு உயிரையும் இழந்தார். கவனக்குறைவை அரசே ஒப்புக்கொண்டது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஆகவே கேட்கிறோம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் விளையாட்டுக் காயத்துக்கெனத் தனிப் பிரிவும் இலவச பிசியோதெரபியும் வேண்டும். அணிக்குத் தேர்வாகிக் காயம்பட்டவரின் இடத்தை அடுத்த ஆண்டுக்குக் காத்துவைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்கும் ஒவ்வொரு போட்டியிலும் வீரர்களுக்குக் காப்பீடு வேண்டும்.

அரசிடம் கேட்டால் மட்டும் போதாது தோழர்களே. ஏப்ரல் 14-க்கு அண்ணல் பெயரால் நாமே கபடிப் போட்டி நடத்துகிறோம். பிளக்ஸுக்கும் கோப்பைக்கும் வசூலிக்கிறோம். களத்தோரம் ஒரு ஐஸ் பெட்டியோ முதலுதவி தெரிந்த ஒருவரோ இருக்கிறாரா? எங்கள் பகுதியில் போன வருடம் நாங்கள் நடத்திய போட்டியில் இரண்டுமே இல்லை. இந்த வருடம் கோப்பையின் உயரத்தைக் குறைத்து அந்தப் பணத்தில் இரண்டையும் வைக்கப்போகிறோம். “வலிக்குது” என்று ஒரு பிள்ளை சொன்னால் அவரை வெளியே உட்கார வைப்போம். அடுத்த ஆட்டத்துக்கான அவர் இடம் அவருக்கே இருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவோம்.