காசு கொடுத்து வாங்கினால் உங்கள் நிலமா?

“காசு கொடுத்து வாங்கினோம், பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு.” பஞ்சமி நிலத்தைக் கேட்டால் வரும் பதில் இதுதான். சரி, விற்க யாருக்கு உரிமை இருந்தது?

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையின் வழியில் நம் மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டவை இந்த நிலங்கள். முதல் 10 ஆண்டுகள் விற்கக்கூடாது. பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். மீறிய கிரயம் செல்லாது. பத்து கை மாறினாலும் செல்லாததுதான்.

வில்லங்கச் சான்றிதழில் இதைத் தேடாதீர்கள், அதில் பதிவான பத்திரங்கள்தான் இருக்கும். சார்பதிவாளர் முத்திரை குத்திவிட்டால் இல்லாத உரிமை பிறந்துவிடாது. பட்டாவும் வருவாய்க் கணக்குதான், உரிமை மூலம் அல்ல.

ஏமாந்து வாங்கியவர் பாவமாம்! கடனுக்குக் கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொண்டபோது இந்தப் பாவம் எங்கே போனது? இதே நிலத்தைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

தோழர்களே, யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டை உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இன்றைய பதிவேட்டோடு சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள்.