பாலை இல்லாத திணையா?

கொரோனா ஊரடங்குக் காலம்தான் இயற்கைக் கவிதையின் பொற்காலம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனிதன் வீட்டுக்குள் அடங்கியதும் பூமி குணமாகிவிட்டதாம். கவிஞனுக்குச் சங்கப் புலவனின் கண் திரும்பக் கிடைத்துவிட்டதாம். சாட்சிக்கு வெனிஸ் கால்வாயில் துள்ளிய டால்பின்கள் வேறு.

அந்த டால்பின்கள் வெனிஸுக்கு வரவே இல்லை. படம் சார்டினியாத் தீவின் துறைமுகத்தில் எடுத்தது; 2020 மார்ச்சிலேயே அம்பலமான புரளி. ஊரடங்கில் ஜலந்தரிலிருந்து தௌலாதார் மலை தெரிந்தது உண்மை. புகை குறைந்தால் மலை தெரியத்தான் செய்யும். ஆனால் அதே ஆண்டு மே மாதம் ஹவாயின் மௌனா லோவா ஆய்வகம் பதிவுசெய்த கரியமில வாயு 417 பிபிஎம், அதுவரை அங்கே அளந்ததிலேயே உச்சம். அதே மாதக் கடைசியில் அசாமின் பாக்ஜானில் எரிவாயுக் கிணறு பீறிட்டு, பக்கத்துச் சதுப்புநிலமெல்லாம் எண்ணெய் படிந்தது. நம் கட்டுரையாளர் அப்போது மொட்டைமாடியில் குயிலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேட்கட்டும், குயில்மீது எனக்கு வழக்கில்லை.

சங்கத்தை இழுத்ததுதான் பொறுக்கவில்லை. தொல்காப்பியர் கருப்பொருளை அடுக்கும்போது மரத்தோடும் பறவையோடும் ஒரே வரிசையில் உணவையும் பறையையும் தொழிலையும் வைக்கிறார். மனிதனை வெளியேற்றிவிட்டு மலையைப் பார்ப்பதுதான் சங்கப் பார்வை என்றால், தினைப்புனம் காத்த பெண்ணை எங்கே அனுப்புவது? வண்டியில் உப்பேற்றிப் போன உமணரை?

அவர் கட்டுரையில் பாலையைப் பற்றி மூச்சே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோ. பொருள் தேடிப் போகிறவன் நடக்கும் வழி அது. 2020 கோடையில் அந்தத் திணை நம் நெடுஞ்சாலைகளில் கிடந்தது. ஊருக்கு ரயில் பிடிக்கலாமென்று ஜால்னாவிலிருந்து நடந்து, களைத்துத் தண்டவாளத்திலேயே உறங்கிப்போன 16 தொழிலாளர்கள் மே 8 விடியலில் ஔரங்காபாத் அருகே சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். தண்டவாளத்தில் சிதறிய ரொட்டிகளை நாளிதழ்களில் பார்த்தோம். வெயில், வழி, பசி, பிரிவு: பாலைக்கு வேறென்ன வேண்டும்? இப்படி நடந்தவர்களை எழுதிய கவிதைகளை ‘வெறும் கோஷம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார் இவர்.

ஊரடங்குக் கால இயற்கைக் கவிதைகளைத் தொகுக்கப்போகிறாராம். தாராளமாகத் தொகுக்கட்டும். அந்தக் ‘கோஷங்களில்’ ஒன்றுக்குக்கூட அதில் இடமில்லை என்றால், தயவுசெய்து அட்டையில் திணை என்று அச்சிட வேண்டாம்.